வரலாறு, ஒரு பக்கத்துக்குள்

புனேயிலிருந்து மின்னஞ்சல்:
நிறுவனத்தின் வரலாறு, ஒரு பக்கம் போதும்.
பிராண்டுகளின் பட்டியல். வெள்ளிக்கிழமைக்குள்.
கப்பலூர் சிட்கோவில் கணக்கெழுதும் எனக்கு
இன்று வியாழன்.

காசிமாயன் அண்ட் கோ, கீழவெளி வீதி,
நெல் லாரிகளுக்குத் தார்ப்பாய்
என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன்.
வாங்குகிறவர்களுக்குத் தார்ப்பாய் பிடிக்காதாம்.
சாகசத்தில் தொடங்குங்கள் என்கிறார்
முதலாளியின் மகன்.

சரி, சாகசம்.
எண்பத்தொன்பதில் ஒரு என்.சி.சி. வாத்தியார்
இருபது கூடாரம் கேட்டு வந்தார்.
கூடாரத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்
கடையில் ஒருவரும் இல்லை.
ஜைனுலாப்தீன் அண்ணன்
காலண்டர் அட்டையை மடித்து
நாலு மூலைக்கும் நூல் கட்டி
மேசைமேல் நிறுத்தி
ஊதிப் பார்த்தார்.
விழவில்லை.
பக்கத்தில் இப்படி எழுதுகிறேன்:
"1989: ஆராய்ச்சிப் பிரிவு தொடக்கம்."

இனி பிராண்டுகள்.
கூடாரத்துக்கு நாகமலை.
முதுகுப்பைக்கு யானைமலை.
உறங்குபைக்குப் பசுமலை,
ஃபேன் நின்றால் தூக்கம் போய்விடும் ஊர் அது.
எந்தப் பேருந்தில் ஏறினாலும்
ஜன்னலில் ஒரு மலை கூடவே வந்தது,
முதலாளி பெயர் வைத்துக்கொண்டே போனார்.
ஒன்றிலும் ஏறியதில்லை. மூட்டுவலி.

பெங்களூர்க் கடைக்காரர்களுக்கு
நாக்குப் புரளவில்லையாம்.
அப்படிப் பிறந்ததுதான் ஸ்னோஹார்ன்.
பனிக்கும் கொம்புக்கும் என்ன உறவு என்று
இன்றுவரை எவரும் கேட்கவில்லை.
அதே துணி, அதே ஊசி,
அதே பவளக்கொடி.
காலையில் நாகமலை லேபிள்,
சாப்பிட்டு வந்தால் ஸ்னோஹார்ன்.
விலையில் எழுநூற்று நாற்பது ரூபாய் வித்தியாசம்.
"மத்தியானத்துக்கு மேல நம்ம ஊர்ல
பனி விழும்டி" என்பாள்.

ஒன்றே ஒன்றுதான் வேறு: நூல்.
கூடுதல் விலைக்கு நூலும் மின்ன வேண்டும் என்று
வெளியூர்ச் சரக்கு வாங்கினார்கள்.
நாகமலைக்குப் பழைய மெழுகு நூலே.
அந்த ஐப்பசியில் தையல் வழியே ஒழுகி
நானூற்றுப் பன்னிரண்டு கூடாரங்கள் திரும்பி வந்தன.
எல்லாம் பனி.

கிலோ கணக்கில் போட்டோம்.
பரவை மார்க்கெட்டில்
தக்காளிக் கூடைகளின் மேல்
இப்போதும் பார்க்கலாம் ஸ்னோஹார்னை.
சந்தையில் நிலையான இடம்
என்று எழுதினால்
பொய்யாகாது.

இங்கே நான் பத்தொன்பது வருடம்.
விற்ற கூடாரங்களின் எண்ணிக்கை
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
கூடாரத்தில் தூங்கியது ஒரே இரவு.
ஸ்டாக் எடுக்கும்போது கரண்ட் போய்
கடைசிப் பேருந்தும் போய்விட
பவளக்கொடியும் நானும்
கிடங்குக்குள்ளேயே ஒன்றை விரித்தோம்.
தகரக் கூரைக்குள் ஒரு துணிக் கூரை.
ஜிப்பை இழுத்து மூடிய பிறகு
அவள் சொன்னதையெல்லாம்
எந்தத் தலைப்பின்கீழ் போடுவது?
விடிந்ததும் மடித்து வைத்தோம்.
மடிப்பு கம்பெனி மடிப்புப் போல வரவில்லை.
அந்த உருப்படியும் விற்றுவிட்டது,
டிசம்பர் கணக்கில் இருக்கிறது.
அடுத்த சித்திரையில் அவள் வேலையை விட்டாள்.
ஏன் என்று முதலாளி கேட்டார்.
எனக்குத் தெரியாது என்றேன்.

பக்கம் நிறைந்துவிட்டது.
கீழே இன்னொரு வரி கேட்டிருக்கிறார்கள்:
மிகப் பழைய தயாரிப்பு எது,
காட்சிக்கு வைக்க மாதிரி ஒன்று அனுப்பவும்.

கொல்லைப்புறம் போனேன்.
ஜெனரேட்டர் மேல் கிடக்கிறது
கீழவெளி வீதியில் தைத்த முதல் தார்ப்பாய்.
லேபிள் இல்லை. பெயரும் இல்லை.
பித்தளைக் கண்கள் மட்டும்
கறுத்துப் போயிருக்கின்றன.
நேற்றைய மழை
அதன் குழியில் தேங்கி நிற்க
ஒரு காகம் குடித்துக்கொண்டிருந்தது.
ஓரத்தைத் தூக்கி
உள்ளே கைவிட்டுத் தடவினேன்.
தூசி. ஈரமில்லை.

வந்து தட்டச்சு செய்தேன்:
"மாதிரி அனுப்ப இயலாது.
பயன்பாட்டில் உள்ளது."